பர்மிங்காம் பாலத்தில் நான்காவது முகம்

லண்டனிலிருந்து ஒன்றரை மணி நேர ரயில் பயணம் பர்மிங்காம். நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு காளை. உயிருள்ள காளை அல்ல, இயந்திரக் காளை. பத்து மீட்டர் உயரம். தலையைத் திருப்பும், வாலை ஆட்டும். 2022-ல் இந்த ஊரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழாவுக்காகச் செய்தது. விழா முடிந்ததும் பிரித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தார்கள். ஊர் மக்கள் விடவில்லை. 2023-ல் காளை ரயில் நிலையத்துக்குக் குடிவந்தது. என்ன பெயர் வைக்கலாம் என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஜெயித்த பெயர், ‘ஆஸி’.

ஆஸி ஆஸ்போர்ன், ‘பிளாக் சபாத்’ இசைக்குழுவின் பாடகர். உலகம் முழுக்க இன்று ‘ஹெவி மெட்டல்’ என்று அழைக்கப்படும் முரட்டு இசைக்கு முதல் குரல் கொடுத்தவர். பாடகருக்கு இப்படி ஊர் வாசலிலேயே காளை கிடைத்துவிட்டது. அதே குழுவில் எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்த பில் வார்ட்டைத் தேடுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும்.

நிலையத்திலிருந்து கால்மணி நேரம் நடந்தால் பிராட் ஸ்ட்ரீட். டிராம் வண்டியும் போகிறது. கண்ணாடிக் கட்டடங்கள், உணவகங்கள், மாலை ஆனால் இளைஞர் கூட்டம். அந்தத் தெரு ஒரு கால்வாயைக் கடக்கிறது. ஒருகாலத்தில் நிலக்கரியும் இரும்பும் சுமந்த படகுகள் போன கால்வாய். இப்போது வண்ணம் பூசிய நீளப் படகுகள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நகர்கின்றன. மேலே உள்ள பாலத்துக்கு 2019-ல் ‘பிளாக் சபாத் பாலம்’ என்று பெயர் சூட்டினார்கள். பாலத்தின் ஓரத்தில் உலோகத்தால் ஆன ஒரு பெஞ்ச். அதன் மேல் நான்கு பேரின் முகங்கள்: கீஸர், ஆஸி, டோனி, பில். கூடவே, தொழிற்சாலைப் பொருள்களின் அடியில் முத்திரை குத்துவது போல ஒரு வாசகம்: ‘1968, பர்மிங்காமில் தயாரிக்கப்பட்டது.’

புகைப்படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆஸியின் முகத்துக்குப் பக்கத்தில்தான் உட்காருவார்கள். ஆனால் அந்த நான்காவது முகத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. பெஞ்ச் வைப்பதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு, இதே ஊரில் அந்தக் குழு ‘இதுதான் கடைசி’ என்று சொல்லி விடைபெற்றபோது, மேடையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். டிரம்ஸுக்குப் பின்னால் வேறொருவர். பில் வார்ட் அங்கே இல்லை.

சம்மட்டிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை

வார்ட்டின் கதை தொடங்குவது ஆஸ்டனில். நகரின் வடக்கே, ரயிலில் பத்து நிமிடத்துக்குள் போய்விடக்கூடிய பகுதி. 1948 மே 5 அன்று அங்கே பிறந்தார். போர் முடிந்து மூன்று வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு இடித்த வீடுகளின் காலி மனைகள்தான் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம். உணவுப் பொருள்களுக்கு ரேஷன் இருந்தது. 1954 வரை அது நீடித்தது. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிய சின்னச் சின்ன வீடுகள். அவற்றுக்கு நடுவிலேயே தொழிற்சாலைகள்.

பர்மிங்காமுக்கு ‘ஆயிரம் தொழில்களின் ஊர்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பொத்தான், பேனா முள், நகை, துப்பாக்கி, மோட்டார் வாகனம் என்று இங்கே செய்யாத உலோகப் பொருளே இல்லை எனலாம். ஆஸ்டன் பக்கம் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, பெரும் எடையுள்ள இயந்திரச் சம்மட்டியை மேலிருந்து விழவைத்து அச்சில் அடிக்கும் பட்டறைகள் இருந்தன. விழுந்தால் தரை அதிரும். எழும்பும், மறுபடியும் விழும். இரவு ஷிஃப்ட்டிலும் அது ஓயாது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே வளர்ந்ததாக வார்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கொல்லன் தெருவில் பிறந்த பிள்ளைக்குச் சம்மட்டிச் சத்தம்தானே தாலாட்டு!

‘ஹெவி மெட்டல்’ என்றால் நேர்ப்பொருள் கன உலோகம். மற்ற ஊர்களில் அது வெறும் இசையின் பெயர். ஆஸ்டனில் அது அப்பா வேலை பார்த்த இடத்தின் பெயர்.

ஆனால், இரும்பு மட்டும் வார்ட்டை உருவாக்கவில்லை. சிறுவயதில் அவர் மயங்கிக் கிடந்தது அமெரிக்க ஜாஸ் இசையில். ஜீன் க்ரூபா, பட்டி ரிச் போன்ற டிரம்மர்கள் பெரிய பெரிய நடனக் குழுக்களோடு வாசித்த இசைத்தட்டுகள். அவர்கள் தாளத்தை அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல அடிக்க மாட்டார்கள். கொஞ்சம் இழுப்பார்கள், கொஞ்சம் விடுவார்கள். கேட்கிறவர் கால் தானாக ஆடும். பட்டறையின் கனம் ஒரு காதில், ஜாஸின் ஆட்டம் இன்னொரு காதில். இந்த இரண்டும் ஒரே ஆளின் கைகளில் சேர்ந்ததுதான் பிற்பாடு நடந்த அதிசயத்துக்குக் காரணம்.

இன்றைய ஆஸ்டனில் அந்தச் சத்தத்தைத் தேடிப் போனால் கிடைக்காது. பட்டறைகள் போய்விட்டன. ஊருக்கே புளித்த மால்ட் வாசனையைத் தந்த ஆன்ஸெல்ஸ் மதுபான ஆலை 1981-ல் மூடப்பட்டது. பிரிட்டிஷ் சாப்பாட்டு மேஜைகளில் தவறாமல் இருக்கும் ‘எச்.பி. சாஸ்’ தயாரித்த தொழிற்சாலையும் 2007-ல் மூடப்பட்டு, உற்பத்தி நெதர்லாந்துக்குப் போய்விட்டது. இப்போது இங்கே தெற்காசியக் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. பழைய அடையாளங்களில் கம்பீரமாக நிற்பவை இரண்டு: 17-ம் நூற்றாண்டு மாளிகையான ஆஸ்டன் ஹால், அதன் அருகிலேயே ஆஸ்டன் வில்லா கால்பந்து அணியின் மைதானமான வில்லா பார்க். இரண்டாவது இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை அங்கேதான் போய் முடியும்.

நான்கு பையன்கள்

குழுவின் நால்வருமே ஆஸ்டன் பக்கத்துப் பையன்கள். கிட்டார் வாசித்த டோனி அயோமி தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 17 வயதில், வேலைக்குப் போன கடைசி நாளன்று, இயந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவர் இடதுகைப் பழக்கக்காரர். கிட்டார் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். ஆஸி, மாடு வெட்டும் கூடத்தில் வேலை பார்த்தவர். பேஸ் கிட்டார் வாசித்த கீஸர் பட்லர், கணக்கு வேலை கற்றுக்கொண்டிருந்தவர்.

வார்ட்டும் அயோமியும் முதலில் ‘மித்தாலஜி’ என்ற குழுவில் சேர்ந்து வாசித்தார்கள். அந்தக் குழு இயங்கியது வடக்கே, கார்லைல் நகரில். 1968-ல் அது கலைந்ததும் இருவரும் ஊர் திரும்பினார்கள். ஒரு இசைக் கருவிக் கடையில், பாட வாய்ப்பு வேண்டும் என்று ஆஸி ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத் தேடிப் போனார்கள். நால்வரும் சேர்ந்தார்கள். முதலில் வேறு பெயர்கள். ஒத்திகை பார்த்த இடத்துக்கு எதிரே இருந்த தியேட்டரில் பேய்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ‘பயப்படுவதற்குக் காசு கொடுத்து மக்கள் வரிசையில் நிற்கிறார்களே, நாமும் பயமுறுத்தும் பாட்டு போட்டால் என்ன?’ என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. 1969-ல் அந்தப் படத்தின் பெயரே குழுவின் பெயரானது: பிளாக் சபாத்.

நியூ ஸ்ட்ரீட் நிலையத்தின் பின்பக்கம் ஸ்டேஷன் ஸ்ட்ரீட் மூலையில் இருக்கும் ‘தி க்ரௌன்’ மதுக்கூடத்துக்கு இந்தக் கதையில் இடம் உண்டு. அதன் மாடி அறையில் ஜிம் சிம்சன் என்பவர் ப்ளூஸ் இசைக் கூடம் நடத்தினார். ஆரம்ப நாட்களில் இந்தப் பையன்கள் வாசித்த இடங்களில் அது முக்கியமானது. சிம்சனே அவர்களுடைய முதல் மேலாளர் ஆனார். 2014-ல் மூடப்பட்ட அந்தக் கட்டடத்தை இன்றும் ரசிகர்கள் கோயில் வாசலில் நிற்பது போல நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

முதல் ஆல்பத்தை லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை அன்று வெளியானது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மக்கள் வாங்கித் தள்ளினார்கள். அதே வருடம் செப்டம்பரில் வந்த ‘பாரனாய்ட்’ பிரிட்டனில் முதல் இடத்தைப் பிடித்தது. அந்த ஆல்பத்தில்தான் ‘வார் பிக்ஸ்’, ‘அயர்ன் மேன்’ இரண்டு பாடல்களும் உள்ளன.

வார்ட் என்ன செய்தார் என்பதை இந்த இரண்டு பாடல்களிலேயே கேட்டுவிடலாம். ‘வார் பிக்ஸ்’ பாடலில் கிட்டார் இரண்டு அடி அடித்துவிட்டு நிற்கும். ஆஸி தனியாகப் பாடுவார். அந்த வெற்றிடத்தில், இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று மோதும் ‘ஹை-ஹாட்’டின் மெல்லிய டிக் டிக் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சின்னச் சத்தம்தான் முழுப் பாட்டையும் தாங்கிப் பிடித்திருக்கும் ஆணி. அடுத்து வரும் வெடிப்பு அவ்வளவு பெரிதாகக் கேட்பதற்கு, முன்னால் வார்ட் காத்த அடக்கம்தான் காரணம்.

பிற்காலத்தில் ஹெவி மெட்டல் டிரம்மர்கள் பலரும் வேகத்துக்கும் பலத்துக்கும் பெயர் வாங்கினார்கள். வார்ட் வேறு ரகம். கிட்டார் ஒரு வாக்கியம் சொன்னால், டிரம்ஸ் அதற்குப் பதில் சொல்லும். சில இடங்களில் தாளத்தை விட்டே விலகி, மழை இடி மாதிரி உருட்டிவிட்டு, சரியான இடத்தில் வந்து சேரும். அதனால்தான் அந்தப் பாடல்கள் அத்தனை கனமாக இருந்தும் தேங்கி நிற்காமல் ஆடுகின்றன.

விலகிய நாட்கள்

பணமும் புகழும் வந்தன. மதுவும் போதையும் சேர்ந்து வந்தன. நால்வரும் மாட்டிக்கொண்டார்கள். 1979-ல் ஆஸி குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அது வார்ட்டை மிகவும் பாதித்தது. அந்தக் காலகட்டத்தில் அவருடைய தாயும் இறந்துபோனார். புதிய பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவோடு பதிவான ‘ஹெவன் அண்ட் ஹெல்’ ஆல்பத்தில் வாசித்தது தனக்குச் சரியாக நினைவே இல்லை என்று வார்ட் பின்னாளில் சொன்னார். அவ்வளவு குடி. 1980 ஆகஸ்ட்டில், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே குழுவை விட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்த மாதிரி கிளம்பிப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. இசையுலகில் அதற்கு உதாரணங்கள் ஏராளம். வார்ட் திரும்பினார். எண்பதுகளில் குடியை விட்டார். அதற்குப் பின் தொடவே இல்லை. கலிபோர்னியாவில் குடியேறினார். 1990-ல் முதல் தனி ஆல்பம் வெளியிட்டார். 1997 டிசம்பரில் பர்மிங்காமின் என்.இ.சி. அரங்கில் பழைய நால்வரும் இரண்டு இரவுகள் சேர்ந்து வாசித்தார்கள். சொந்த ஊர்க் கூட்டத்தின் முன் பதிவான ‘அயர்ன் மேன்’ பாடலுக்கு 2000-ல் கிராமி விருது கிடைத்தது. முதல் பதிப்பு வெளியாகி முப்பது வருடம் கழித்து!

இடையில் 1998-ல் ஒத்திகையின்போது வார்ட்டுக்கு மாரடைப்பு. அப்போது அவருக்கு வயது 50. தேறி வந்து மறுபடியும் வாசித்தார்.

2011 நவம்பர் 11 அன்று, நால்வரும் சேர்ந்து புதிய ஆல்பம் செய்யப்போவதாக அறிவித்தார்கள். மூன்றே மாதத்தில் வார்ட்டிடமிருந்து அறிக்கை: தான் கையெழுத்திடக்கூடிய ஒப்பந்தம் வந்தால்தான் கலந்துகொள்வேன். அது வரவில்லை. இதே அளவு வாசிக்க வார்ட்டின் உடல் இடம் கொடுக்காது என்று ஆஸி பேசினார். வார்ட் மறுத்தார். இருவரும் பொதுவெளியிலேயே ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டார்கள். நண்பர்கள் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று வெளியாட்கள் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் விளைவை எல்லோரும் பார்த்தார்கள். 2017 பிப்ரவரி 4 அன்று பர்மிங்காமில் பிளாக் சபாத் தன் இறுதிச் சுற்றுப்பயணத்தை முடித்துக்கொண்டபோது, டிரம்ஸ் வாசித்தவர் டாமி க்ளுஃபெட்டோஸ். நல்ல வாசிப்பு. இருந்தாலும், ஆஸ்டனில் பிறந்த அந்தத் தாளத்தை ஆஸ்டன் பிள்ளை வாசிக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் வார்ட் மறுபடியும் இதயக் கோளாறோடு மருத்துவமனையில் சேர்ந்தார்.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் பிராட் ஸ்ட்ரீட் பெஞ்சின் அருமை புரியும். 2019-ல் அதைச் செய்தவர்கள் மேடைக்கணக்கைப் பார்க்கவில்லை. மூன்று முகம் போதும் என்று விட்டுவிடவில்லை. ஊர்க்கணக்கில் அவர்கள் நான்கு பேர்தான்.

வில்லா பார்க்கில் நான்கு பாடல்கள்

ஆஸிக்கு பார்க்கின்சன் நோய் இருப்பது 2020-ல் வெளியே தெரிந்தது. நடப்பதே சிரமமானது. ஊருக்கு ஒருமுறை ஒழுங்காக விடைகொடுக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். 2025 ஜூலை 5 அன்று வில்லா பார்க்கில் நாள் முழுவதும் இசை விழா ஏற்பாடானது. ஆஸி பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான் மைதானம். சிறுவயதில், போட்டி பார்க்க வருகிறவர்களின் கார்களைக் காவல் காத்துச் சில்லறை சம்பாதித்த இடம். வசூல் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும், பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், நோயுற்ற குழந்தைகளுக்கான பராமரிப்பு இல்லத்துக்கும் என்று அறிவித்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 28 அன்று, மாநகராட்சி தன் உயரிய கௌரவமான ‘நகரத்தின் சுதந்திரம்’ விருதை நால்வருக்கும் வழங்கியது.

விழாவில் மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோஸஸ், ஸ்லேயர் என்று இந்த இசையின் பெரிய தலைகள் எல்லாம் வந்து, பிளாக் சபாத்துக்கு வணக்கம் சொல்லும் விதமாக அவர்களுடைய பாடல்களையும் வாசித்தார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம் காத்திருந்தது கடைசி நிகழ்ச்சிக்கு. சிம்மாசனம் போன்ற இருக்கையில் உட்கார்ந்தபடி ஆஸி. இருபுறமும் அயோமியும் பட்லரும். பின்னால், டிரம்ஸ் மேடையில், 77 வயது பில் வார்ட். 2005-க்குப் பிறகு நால்வரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசித்தது அன்றுதான்.

நான்கே பாடல்கள். முதலில் ‘வார் பிக்ஸ்’. அந்த ஹை-ஹாட் சத்தத்தை, முதன்முதலில் வாசித்த கையே வாசித்தது. அப்புறம் ‘என்.ஐ.பி.’, ‘அயர்ன் மேன்’, ‘பாரனாய்ட்’. இருபத்திரண்டு வயதில் இருந்த வேகம் எழுபத்தேழில் இருக்காது. அதை எதிர்பார்த்தும் யாரும் வரவில்லை. இரண்டு முறை இதயம் மிரட்டிய ஒரு மனிதர், சண்டை போட்ட நண்பனுக்குப் பின்னால் உட்கார்ந்து, பிறந்த ஊரில் தன் தாளத்தைத் தானே வாசித்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் தேவை. அது நடந்தது.

பதினேழே நாட்களில், ஜூலை 22 அன்று ஆஸி காலமானார். ஜூலை 30 அன்று இறுதி ஊர்வலம் பிராட் ஸ்ட்ரீட் வழியாக வந்து, பிளாக் சபாத் பாலத்தில் நின்றது. பித்தளை வாத்தியக் குழு ஒன்று அவர்களுடைய பாடல்களை வாசித்துக்கொண்டே முன்னால் நடந்தது. அந்த உலோக பெஞ்ச் பூக்களால் மூடிப்போனது.

ஒரு வருடம் தள்ளிப் போட்டிருந்தால் அந்த நான்கு பாடல்கள் நடந்திருக்காது. மனஸ்தாபத்தோடு பிரிந்து கிடக்கிற நண்பர்கள், அண்ணன் தம்பிகள் எல்லா ஊரிலும் உண்டு. ‘பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிற சமாதானத்துக்குக் காலம் காத்திருப்பதில்லை.

பர்மிங்காம் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கினால் இந்த இடங்களை எல்லாம் பார்த்துவிடலாம். காலையில் காளை, ஸ்டேஷன் ஸ்ட்ரீட் மூலை, பிராட் ஸ்ட்ரீட் பாலம். மதியம் நியூ ஸ்ட்ரீட்டிலிருந்து ரயில் பிடித்து ஆஸ்டன் அல்லது விட்டன் நிலையத்தில் இறங்கினால் வில்லா பார்க் நடை தூரம். ஹெட்போன் இருந்தால் மைதானத்துக்கு வெளியே நின்று ‘அயர்ன் மேன்’ கேளுங்கள். முதல் சில விநாடிகள் கிட்டார் வராது, குரல் வராது. கனமான ஒரு அடி, சிறிது இடைவெளி, மறுபடியும் அதே அடி. ஆஸ்டனில் இப்போது கேட்க முடியாத அந்தப் பட்டறைச் சத்தம் இனி வார்ட்டின் காலில்தான் இருக்கிறது.